ஹுல்தா பிரெண்டிஸின் ஜெபச் சீட்டு

எங்கள் ஓல்டம் துறையில் ஒருவர் கடலுக்குப் போனாலும் சரி, சண்டைக்குப் போனாலும் சரி, காய்ச்சலில் படுத்தாலும் சரி, அந்த வீட்டார் முதல் வேலையாக ஒரு துண்டுக் காகிதம் தேடி இரண்டு வரி எழுதுவார்கள். ஞாயிறு காலையில் அதைச் சபைக் காரியம் பார்க்கும் டீக்கன் கையில் கொடுப்பார்கள். அவர் அதைப் பிரசங்க மேடையில் வைப்பார். நீண்ட ஜெபத்துக்கு முன்னால் போதகர் ஒவ்வொரு சீட்டாக எடுத்துச் சத்தமாக வாசிப்பார். சபை மொத்தமும் எழுந்து நின்று அந்தப் பெயருக்காக ஜெபித்து ஆமென் சொல்லும். போனவர் வந்து சேர்ந்தால் நன்றிச் சீட்டு வரும். வராமலே போய்விட்டால் துக்கச் சீட்டு வரும். இரண்டில் ஒன்று வரும்வரை பழைய சீட்டு வாரா வாரம் மேடை ஏறிக்கொண்டே இருக்கும். கனெக்டிகட் கரை முழுக்க இதுதான் வழக்கம். சண்டைக் காலத்தில் சீட்டு வாசித்து முடிப்பதற்குள் கால் மரத்துப்போகும்.

ஹுல்தா பிரெண்டிஸ் தன் புருஷனுக்காக எழுதிய சீட்டு மட்டும் மேடை ஏறவில்லை. ஒரே ஒரு தடவை ஏறியது. அதுவும் தப்பாக ஏறியது. அந்தத் தப்பை ஊர் இன்றுவரை சரிசெய்யவில்லை.

ஹுல்தா நெடுநெடுவென்று இருப்பாள். சபைக் கூடத்தைப் பெருக்கித் துடைப்பது அவள் வேலை. அவள் புருஷன் ஆசகேல் பீப்பாய் செய்கிறவன். துறையில் ஏறுகிற பன்றி இறைச்சியும் ஆப்பிள் சாறும் அவன் பீப்பாயில்தான் போகும். ஒரு சொட்டு ஒழுகாது. பிள்ளை இல்லை என்ற குறை தவிர அந்த வீட்டில் வேறு குறை கிடையாது. இரண்டு பேரும் நன்றாகச் சண்டை போடுவார்கள், நன்றாகச் சிரிப்பார்கள்.

இங்கிலாந்து ராஜாவோடு பிணக்கு முற்றியபோது, அவர் வரி போட்ட தேநீரை ஊரில் முதலில் விட்டவர்களில் ஹுல்தாவும் ஒருத்தி. ராஸ்பெரி இலையைக் கொதிக்கவைத்துக் குடித்துவிட்டு, முகம் சுளித்துக்கொண்டே "அருமையா இருக்கு" என்பாள். சீமைத் துணி வேண்டாம் என்று போதகர் வீட்டு முற்றத்தில் முப்பது பெண்கள் ராட்டையோடு உட்கார்ந்து போட்டிக்கு நூற்றபோது, அவள் நூல்தான் அதிகம். மேஜையில் இருந்த ஈயத் தட்டு நான்கையும் குண்டு வார்க்கக் கொடுத்துவிட்டு மரத் தட்டில் சாப்பிட்டாள். கடலுக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் ஒருவன் நம்மைக் கேட்காமல் நம் பையில் கைவிடுவதா என்று அவள் உண்மையாகவே கொதித்தாள்.

ஆசகேலும் வரியைத் திட்டினான். ஆனால் அவனுக்கு ஒரு முடிச்சு இருந்தது. இருபது வயதில், பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த முந்தின சண்டைக்குப் போனபோது, பைபிள் மேல் கைவைத்து ராஜாவுக்குச் சத்தியம் செய்திருந்தான். ஊரில் அப்படிச் சத்தியம் செய்தவர்கள் இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள். அவர்கள் அதை மழையில் நனைந்த மேல்சட்டையைப்போலக் கழற்றிப் போட்டார்கள். இவனால் முடியவில்லை.

"ராஜா என்ன உங்க மாமனா, மச்சானா?" என்று ஹுல்தா கத்துவாள். "ஊரே கையை எடுத்துடுச்சு. நீங்க மட்டும் ஏன் அந்தப் பைபிள் மேல ஒட்டிக்கிட்டு நிக்கறீங்க?"

"ராஜா மேல எனக்கென்ன ஆசை? வச்ச கையை எப்படி எடுக்கறதுன்னு தெரியல, அவ்வளவுதான்."

"எல்லாரும் எடுத்தாங்களே!"

"அவங்களுக்கு மூணு கை இருக்கும்போல" என்பான் ஆசகேல்.

1777-ஆம் வருஷம் சட்டம் வந்தது. ஒவ்வொரு ஆணும் புது நாட்டுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். ஆசகேல் செய்யவில்லை. கமிட்டிக்காரர்கள் அவன் பெயரைச் சாராயக்கடைக் கதவில் ஆணியடித்து ஒட்டினார்கள். அதற்கப்புறம் அவன் பீப்பாயை யாரும் தொடவில்லை, அவன் வணக்கத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஏப்ரல் மாதம் ஒரு காலை, ஹுல்தா சோளமாவு பிசைந்துகொண்டிருந்தபோது, அவன் மூட்டையோடு சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"அக்கரைக்குப் போறேன். வர்றியா?"

அக்கரை என்றால் லாங் ஐலண்ட். பன்னிரண்டு மைல் தண்ணீர். ராஜாவின் படை அதைப் பிடித்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

ஹுல்தா திரும்பவில்லை. "ஓடிப்போறவருக்கு நான் மூட்டை தூக்க மாட்டேன்" என்றாள் மாவைப் பார்த்துக்கொண்டே.

அவன் கொஞ்ச நேரம் நின்றான். "கொட்டகைக்குப் பின்னாடி ரெண்டு மாசத்துக்கு விறகு வெட்டி வச்சிருக்கேன்" என்றான். பிறகு காலடிச் சத்தம் போய்விட்டது. அவன் கோபமாக நின்றானா, கண் கலங்கி நின்றானா, அவளுக்குத் தெரியாது. பார்க்கவில்லையே. திரும்பிப் பார்க்காமல் விட்ட அந்த ஒரு நொடியைத்தான் ஆறு வருஷம் நினைத்து நினைத்து அவள் மாய்ந்துபோனாள்.

அடுத்த ஞாயிறு சீட்டு எழுதினாள். "ஹுல்தா பிரெண்டிஸ் சபையாரின் ஜெபத்தைக் கோருகிறாள். தூரத்தில் இருக்கும் தன் கணவனைக் கர்த்தர் காத்து, சுகமாக அவன் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கவேண்டும்."

டீக்கன் பினெகாஸ் டட்டில் அதை வாங்கிப் படித்தார். வாயில் பல் குறைவு, பேச்சில் பல் அதிகம்.

"சகோதரி, ராஜா பேரையே போன வருஷம் ஜெபத்துல இருந்து எடுத்தாச்சு. உன் புருஷன் பேரு ராஜா பேரைவிடப் பெருசா?"

"ராஜா என் வீட்டுல பீப்பாய் செய்யல, டீக்கன் ஐயா. இவர் செஞ்சார்."

"எதிரி பக்கம் போனவனுக்கு இந்தக் கூடத்துல ஜெபம் கிடையாது."

கிழித்துப் போடுவார் என்று ஹுல்தா நினைத்தாள். அவர் கிழிக்கவில்லை. ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கும் காகிதத்தை எங்கள் ஊரில் யாரும் கிழிக்கமாட்டார்கள், எதிரியே எழுதியிருந்தாலும். நாலாக மடித்து அவள் உட்காரும் பலகையில் வைத்துவிட்டுப் போனார். மறு ஞாயிறு அவள் அதே சீட்டைத் திரும்பக் கொடுத்தாள். அவர் வாங்கினார், மடித்தார், பலகையில் வைத்தார். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். காகிதத்துக்குப் பஞ்சம் வந்தபோது அது அவளுக்கு வசதியாகக்கூட இருந்தது. ஒரே சீட்டு மடிப்பில் மடிப்பு விழுந்து, துணி மாதிரி மெத்தென்று ஆகிவிட்டது. இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சே கிடையாது. விடாக்கண்டனும் கொடாக்கண்டனும் சபைக்குப் போனால் இப்படித்தான் இருக்கும்.

சண்டை நீண்டது. நம் தலைநகரமே எதிரி கைக்குப் போய்விட்டது என்று செய்தி வந்தபோது ஊர் இழவு வீடாக இருந்தது. அப்புறம் வடக்கே ராஜாவின் ஒரு படையே துப்பாக்கியைக் கீழே போட்டது, பிரெஞ்சுக்காரன் நம் பக்கம் கப்பல் அனுப்புகிறான் என்று செய்தி வந்தது. முந்தின சண்டையில் எவனைச் சுட்டோமோ அவனுக்கே தொப்பி தூக்கி வாழ்த்துச் சொன்னோம். ஒவ்வொரு வீடும் படைக்கு இத்தனை காலுறை, ஒரு போர்வை என்று கணக்கு வரும். ஹுல்தா கேட்டதைவிட ஒரு ஜோடி கூடவே பின்னிக் கொடுப்பாள். வெற்றிச் செய்தி வந்தால் தெருவில் நின்று தொண்டை வறளக் கத்துவாள். பிறகு கடற்கரைக்கு நடந்துபோய், தெளிவான நாளாக இருந்தால் அக்கரையின் மணல்மேட்டைப் பார்த்தபடி நிற்பாள். நாடு ஜெயிக்க வேண்டும், ஆசகேல் வர வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டாள். கடவுளுக்கே தலை சுற்றியிருக்கும்.

இரண்டாம் வருஷம் டீக்கனின் ஒரே மகன் யாபேஸ் கடலில் ராஜாவின் ஆட்களிடம் பிடிபட்டான். நியூயார்க் துறைமுகத்தில் கைதிகளை அடைக்கிற பழைய கப்பலில் போட்டார்கள். டீக்கனே அவனுக்காகச் சீட்டு எழுதினார், எட்டு மாதம் அது மேடை ஏறியது. எட்டு மாதமும் ஊர் நின்று ஆமென் சொன்னது. அப்புறம்தான் தெரிந்தது, பையன் இரண்டாம் மாதமே காய்ச்சலில் போய்விட்டான், ஆறு மாதமாக மணலுக்கடியில் கிடப்பவனைச் சுகமாகக் கொண்டுவா என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

அந்தச் சனிக்கிழமை ஹுல்தா பெருக்கப் போனபோது டீக்கன் தனியாகத் தன் பலகையில் உட்கார்ந்திருந்தார். அவர் காலைச் சுற்றி மட்டும் விட்டுவிட்டு மீதியைப் பெருக்கினாள். மறுநாள் அவள் சீட்டுக் கொடுக்கவில்லை, மனசு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் கொடுக்காமல் வாசல் தாண்டியபோது அவர் கையை நீட்டி மறித்தார்.

"சீட்டு எங்க?"

அவள் தயங்கி எடுத்துக் கொடுத்தாள். வாங்கினார், மடித்தார், பலகையில் வைத்தார்.

மறு கோடையில் ராஜாவின் கப்பல்கள் அக்கரையிலிருந்து கிளம்பி வந்து எங்களுக்கு மேற்கே இரண்டு ஊர்களைக் கொளுத்தின. இரண்டு நாள் வானம் சாம்பல் நிறமாக இருந்தது. கிணற்றடியில் ஒருத்தி ஹுல்தாவைப் பார்த்து, "என்னடி, உன் புருஷன்தான் பத்தவச்சானா?" என்று கேட்டாள்.

ஹுல்தா தன்பாட்டுக்குத் தண்ணீர் இறைத்தாள். பக்கத்து வீட்டு லோயிஸ்தான் வாளியைக் கீழே வைத்தாள். "அவன் அடுப்பு பத்தவைக்கவே அஞ்சு தடவை ஊதுவான். ஊரைப் பத்தவச்சானாம்! போடி!" என்றாள். ஊரில் ஹுல்தாவுக்கு இருந்த ஒரே துணை லோயிஸ்.

அந்தத் தப்பு நடந்தது 1780 அக்டோபரில். எங்கள் பக்கத்துப் போதகர்கள் அவ்வப்போது மேடையை மாற்றிக்கொள்வார்கள். கேட்ட பிரசங்கத்தையே கேட்டுச் சபை தூங்காமல் இருக்க அது ஒரு வழி. அந்த ஞாயிறு எங்கள் போதகர் டேன் உள்நாட்டுக்குப் போனார். அங்கிருந்து காட்லின் என்ற போதகர் வந்தார். குதிரையையே பயமுறுத்துகிற குரல். டீக்கன் பினெகாஸோ குளிர்காய்ச்சலில் படுத்திருந்தார். சீட்டுகளை வாங்க ஆளில்லை, கொண்டுவந்தவர்களே மேடையில் வைத்தார்கள். ஹுல்தாவும் வைத்தாள். வேண்டுமென்றே செய்தாயா என்று பிற்பாடு எத்தனையோ பேர் கேட்டார்கள். "எப்பவும் போலக் கொடுத்தேன்" என்று மட்டும் சொல்வாள்.

காட்லின் போதகர் நாலாவதாக அதை எடுத்தார். மெத்தென்று இருந்த காகிதத்தைத் தடவிப் பார்த்தார். எத்தனை வருஷமாக இந்தப் பெண் காத்திருக்கிறாள் என்று அதுவே சொல்லியிருக்க வேண்டும். மனுஷர் உருகிவிட்டார்.

"ஆண்டவரே! இந்தச் சகோதரியின் கணவன் நம் தேசத்துக்காகத் துப்பாக்கி ஏந்தி, பனியிலும் பசியிலும் எந்த முகாமில் கிடக்கிறானோ! எதிரியின் கையில் அவனை ஒப்புக்கொடாதேயும்! அவன் அடுப்புக்கும் அவன் மனைவிக்கும் இந்தச் சபைக்கும் அவனைத் திரும்பத் தாரும்!"

சபை எழுந்து தலை குனிந்து நின்றுகொண்டிருந்தது. ஜெபத்தை நடுவில் நிறுத்துவது எங்கள் ஊரில் யாராலும் ஆகிற காரியம் இல்லை. கூரை தீப்பற்றினாலும் ஆமென் வரை நிற்க வேண்டும். ஊர்ப்படைக் கேப்டனின் கழுத்து பீட்ரூட் மாதிரி சிவந்தது. லோயிஸ் சால்வையை வாயில் அடைத்துக்கொண்டாள். காட்லின் விடவில்லை. அந்த வீரனின் துப்பாக்கி ஈரமாகாமல் இருக்க வேண்டும் என்றுகூடக் கேட்டார். கடைசியில் "ஆமென்" என்று இடித்தார். பழக்க தோஷம், ஊர் மொத்தமும் கூடவே "ஆமென்" என்றது. சொன்ன பிறகுதான் பாதிப் பேர் வாயைப் பொத்தினார்கள்.

ஹுல்தா அழுதாள். மூன்றரை வருஷத்தில் அவனுக்காக வேறொரு மனிதக் குரல் கேட்டது அன்றுதான். இத்தனை நாள் தான் ஒருத்தி மட்டும் சுமந்ததை இருநூறு பேர் ஒரு நொடி கைகொடுத்துத் தூக்கியது போல இருந்தது அவளுக்கு. தப்பாகத் தூக்கினால் என்ன, பாரம் குறைந்ததே.

செவ்வாய்க்கிழமை சபைக் கூட்டம் போட்டார்கள். போட்ட ஜெபத்தைத் திரும்ப வாங்க முடியுமா என்பதுதான் கேள்வி.

"வாபஸ் வாங்கியே ஆகணும்" என்றார் கேப்டன்.

"எப்படி வாங்கறது? இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்குமே" என்றார் மாவு அரைக்கிறவர்.

"அப்ப எதிர் ஜெபம் ஒண்ணு அனுப்புவோம்."

"முந்தாநாள் காப்பாத்துன்னோம், இன்னிக்குக் காப்பாத்தாதேன்னா, நம்மளப் பத்தி அவர் என்ன நினைப்பார்? குடிச்சிருக்கோம்னு நினைக்க மாட்டாரா?"

விளக்கேற்றும் நேரம்வரை பேசினார்கள். போர்வையைச் சுற்றிக்கொண்டு மூலையில் நடுங்கிக்கொண்டிருந்த டீக்கனைக் கேட்டார்கள். "நான் ஆமென் சொல்லல. சொன்னவங்க பொறுப்பு" என்றார் அவர். விஷயத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அந்த அடுத்த கூட்டம் வரவே இல்லை. ஹுல்தாவின் சீட்டு பழையபடி பலகைக்குத் திரும்பியது.

மறுவருஷம் வர்ஜீனியாவில் ராஜாவின் பெரிய தளபதி சரணடைந்தான். 1783 வசந்தத்தில் சமாதானச் செய்தி வந்தது. ராஜா கையெழுத்துப் போட்டுவிட்டார், நாம் இனி யாருக்கும் குடிகள் இல்லை. ஊர் பீரங்கியைப் பதின்மூன்று தடவை சுட்டது. ஆப்பிள் சாறு ஆறாக ஓடியது. ஹுல்தா மூன்று நாள் பேச முடியாமல் தொண்டை கட்டிக்கொள்ளும்வரை கத்தினாள். அதே வாரம் ஊர்க்கூட்டம் கூடி, எதிரி பக்கம் போனவர்கள் யாரும் இங்கே திரும்பி வந்து குடியிருக்கக் கூடாது என்று கைதூக்கி முடிவு செய்தது. எட்டு வருஷம் எதற்காகக் காத்திருந்தாளோ அந்த வெற்றிதான் அவள் வீட்டுக் கதவைச் சாத்தியது.

பத்து நாள் கழித்து ஒரு மீன்காரர் ஊருக்கு ஒரு கடிதம் கொண்டுவந்தார். ஆசகேல் எழுதியது. அவன் திருட்டுத்தனமாக வருகிறவனா? முறையாக ஊரைக் கேட்டிருந்தான். தோற்றவர்களை ராஜாவின் கப்பல்கள் வடக்கே நோவா ஸ்கோஷியாவுக்குக் கொண்டுபோகின்றன, தன் பெயரும் பட்டியலில் இருக்கிறது, போவதற்கு முன் வீட்டை ஒரு தடவை பார்க்க அனுமதி வேண்டும். அவ்வளவுதான் கடிதம்.

கூட்டத்தில் பெண்களுக்குப் பேச்சு கிடையாது. ஆனால் கூடத்தைப் பெருக்குகிறவளை யாரும் வெளியே போகச் சொல்லமாட்டார்கள். ஹுல்தா பின்னால் துடைப்பத்தோடு நின்றாள். "வந்தா சுடுவோம்" என்றான் ஒருவன். "தார் பூசி அனுப்புவோம்" என்றான் இன்னொருவன். கூட்டத் தலைவராக உட்கார்ந்திருந்தவர் டீக்கன் பினெகாஸ். எல்லாரும் பேசி ஓயும்வரை காத்திருந்து எழுந்தார்.

"மூணு வருஷத்துக்கு முந்தி இதே கூடத்துல நீங்க எல்லாரும் நின்னு, அவனைச் சுகமா வீட்டுக்குக் கொண்டுவான்னு கேட்டீங்க. வாபஸ் வாங்கறதா இருந்தா அப்பவே வாங்கியிருக்கணும். வாங்கல. இப்ப கேட்டதைக் கர்த்தர் படகுல வச்சு அனுப்பறார். வாசல்ல நின்னு 'யாருப்பா நீ'ன்னு கேட்டா நல்லா இருக்காது."

"டீக்கன், உங்க பையனைக் கொன்னவங்க பக்கம் இருந்தவன் அவன்!" என்றார் கேப்டன்.

"தெரியும்." என்றார் அவர். "நானும் ஒண்ணு கேட்டேன். எட்டு மாசம் கேட்டேன். வரல. ரெண்டு பேர் கேட்டதுல ஒண்ணாவது வந்துருக்கு. அதைத் திருப்பி அனுப்ப எனக்குத் தைரியம் இல்ல."

டீக்கன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பழைய குரலுக்கு வந்தார். "ஒரு பகல். சூரியன் உதிச்சு மறையற வரைக்கும். ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. வீட்டுக்கு வரணும்னுதான் கேட்டோம். இருக்கணும்னு யாரும் கேக்கல. கை தூக்குங்க."

தூக்கினார்கள்.

அவன் வருகிற அன்று ஹுல்தா இருட்டு விலகும் முன்பே கரைக்குப் போனாள். படகு ஒரு புள்ளியாகத் தெரிந்ததிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இந்தத் தடவை அவள் முகம் அவன் பக்கமே இருந்தது. தலை நரைத்து, தோள் சரிந்து அவன் இறங்கினான். எதிரே நின்று அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"விறகு போதுமா இருந்துச்சா?" என்றான்.

"ரெண்டு மாசம்னீங்க. ஒண்ணரை மாசம்தான் வந்துச்சு" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அவனுக்கும் வந்தது.

வீட்டில் அவனுக்குப் பிடித்த பன்றி இறைச்சி போட்ட பீன்ஸும் சோள ரொட்டியும் வைத்தாள். சாப்பிட்டான். துவைக்கிற தொட்டியின் வளையம் தளர்ந்திருப்பதைப் பார்த்து, கேட்காமலே எடுத்துத் தட்டி இறுக்கினான்.

"ராஜாவே கையெழுத்துப் போட்டு நம்மளை விட்டுட்டார், ஹுல்தா. இப்பத்தான் என் கை அந்தப் பைபிளை விட்டு வந்துச்சு" என்றான்.

"அப்ப இங்கயே சத்தியம் பண்ணிடுங்களேன்."

"கேக்கறதுக்கு யாரு இருக்கா? கேட்டப்ப என்னால முடியல. முடியறப்ப யாரும் கேக்கல."

மதியத்துக்கு மேல் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று லோயிஸ் கூப்பிட்டாள். முற்றத்தில் மூட்டையைப் பார்த்துவிட்டிருந்தாள். "உனக்குப் பைத்தியமா? எட்டு வருஷம் பாடுபட்டு ஜெயிச்சோம். ஜெயிச்ச ஊரை விட்டுட்டு ராஜா மண்ணுக்கா போறே?"

"ஊரை விட்டுப் போக எனக்கு மட்டும் ஆசையா?" என்றாள் ஹுல்தா. "ஆறு வருஷமா ஊர் இருந்துச்சு, அவர் இல்ல. ஒரு தடவை முதுகைக் காட்டிட்டேன் லோயிஸ். இன்னொரு தடவை என்னால முடியாது."

சாயங்காலம் சபைக் கூடத்தைக் கடைசியாக ஒருமுறை பெருக்கினாள். துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் மாட்டினாள். அந்தப் பழைய சீட்டின் வெள்ளைப் பக்கத்தில் இரண்டு வரி எழுதி டீக்கன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். "ஹுல்தா பிரெண்டிஸ் சபையாரின் ஜெபத்தைக் கோருகிறாள். தூரத்துக்குப் போகும் தன்னைக் கர்த்தர் காத்து, சுகமாகத் தன் ஊருக்குத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கவேண்டும்."

டீக்கன் வாங்கினார். படித்தார். வழக்கம்போல நாலாக மடித்தார். தன் காலியான பலகையில் அது கிடக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டே அவள் படகேறினாள்.

நோவா ஸ்கோஷியாவில் ராஜா கொடுத்த நிலத்தில் பாதி கல், மீதி மூடுபனி. உருளைக்கிழங்கு வந்தது, ஆப்பிள் வரவில்லை. முதல் ஞாயிறே கோவிலில் புத்தகத்தைப் பார்த்து ராஜாவுக்கு ஜெபம் வாசித்தார்கள். ஹுல்தா எழுந்து நின்றாள், வாயைத் திறக்கவில்லை. ஜெபச் சீட்டு கொடுக்கலாமா என்று கேட்டாள். இங்கே அந்த வழக்கம் இல்லை அம்மா என்றார் குரு. அப்புறம் அவள் கோவிலுக்குப் போவதையே குறைத்துவிட்டாள். ஞாயிறு காலை பத்து மணிக்கு, ஓல்டம் துறையில் சீட்டு வாசிக்கிற நேரத்தில், சமையலறையில் கைவேலையை விட்டுவிட்டு எழுந்து நிற்பாள். முதல் தடவை ஆசகேல் என்ன என்று கேட்டான். பிறகு கேட்கவில்லை. அவனும் எழுந்து பக்கத்தில் நின்றான். நம் நாட்டு விடுதலை நாளான ஜூலை நாலாம் தேதி மட்டும் அவன் விடிகாலையிலேயே கோடரியோடு காட்டுக்குப் போய்விடுவான். அன்றைக்கு அவள் வீட்டில் இஷ்டம்போல நம் நாட்டுப் பாட்டைப் பாடிக்கொள்ளலாம்.

பதின்மூன்று வருஷம் அப்படி வாழ்ந்தார்கள். 1796 குளிரில் ஆசகேல் செத்தான். வீட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டில் புதைத்தாள். ஊருக்குத் திரும்பிப் போகலாமா என்ற நினைப்பு வராமல் இல்லை. மறந்திருப்பார்கள், யாரைத் தேடிப் போவது என்று அந்த நினைப்பைத் தானே அடக்கிவிடுவாள்.

அதற்கு ஐந்து வருஷம் கழித்து, சுங்கக்காரன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு கனெக்டிகட் கப்பல் வெங்காயமும் ஆப்பிளும் விற்கத் துறைக்கு வந்தது. வாடையை மோந்தே ஹுல்தா இறங்கிப் போனாள். கப்பல்காரனுக்கு நாற்பது வயதிருக்கும், தாடி. கண்ணைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. லோயிஸின் மகன் எல்னேத்தன்.

பெயரைச் சொன்னதும் அவன் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தான். "ஹுல்தா பிரெண்டிஸா? அந்தச் சீட்டு ஹுல்தாவா?"

"எந்தச் சீட்டு?"

"என்ன அத்தை இப்படிக் கேக்கறீங்க? நீங்க படகேறின மறு ஞாயிறே டீக்கன் பினெகாஸ் தானே மேடையில வச்சார். பதினெட்டு வருஷமா வாசிக்கறோம். அவர் சாகறப்ப அடுத்த டீக்கனைக் கூப்பிட்டு, இந்தச் சீட்டு நிக்கக் கூடாதுன்னு கையடிச்சுச் சத்தியம் வாங்கிக்கிட்டார். புதுப் போதகருக்கு நீங்க யாருன்னே தெரியாது. ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனா எல்லாரும் எந்திரிச்சு நிப்போம், ஆமென் சொல்வோம். சின்னப் பசங்க, அந்தம்மா என்ன அவ்வளவு மெதுவாவா நடந்து வராங்கன்னு கேக்கும்."

ஹுல்தா ஆப்பிள் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நாளைக்குக் காலையில கிளம்பறேன்" என்றான் எல்னேத்தன். "வாங்க அத்தை. அம்மா இன்னும் இருக்கா. வந்து நீங்களே நன்றிச் சீட்டு கொடுங்க. ஊரே கூடிடும்."

அவள் திரும்பி மேட்டைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். போக வேண்டும் என்று அவள் உடம்பு முழுக்கச் சொன்னது. அந்தத் தெரு, அந்தக் கிணறு, கதவுக்குப் பின்னால் தான் மாட்டிய துடைப்பம் எல்லாம் கண்முன் வந்தன.

"அவர் அங்க தனியாக் கிடக்கறார்டா" என்றாள் கடைசியில். "ஒரு தடவை முகத்தைத் திருப்பிக்கிட்டேன். இன்னொரு தடவை திருப்ப மாட்டேன்."

அவன் கொஞ்ச நேரம் தொப்பியைக் கையில் சுற்றினான். "அப்ப நான் போய் டீக்கன்கிட்டச் சொல்லிடட்டுமா? இனிமே வர மாட்டீங்க, சீட்டை நிறுத்திடலாம்னு?"

"ஐயோ, வேண்டாம்!" என்று ஹுல்தா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நிறுத்தச் சொல்லாதே. வாசிக்கட்டும்."

அவன் ஒரு மடி நிறைய ஆப்பிள் கொடுத்தான். ஞாயிறு காலை பத்து மணிக்கு, பாதி உரித்த ஆப்பிளை மேஜையில் வைத்துவிட்டு, ஹுல்தா வழக்கம்போல எழுந்து நின்றாள். அந்நேரத்துக்கு அங்கே தன் பெயரைச் சொல்லி ஒரு ஊர் நிற்கிறது என்று இந்தத் தடவை அவளுக்குத் தெரியும்.